கருடப்பாலை நம்ம ஊர்க் கொடியா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் தொடரலாம். ஆடு மாடு வைத்திருப்பவர்கள் பொறுமை இல்லாவிட்டாலும் தொடர வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் என்னிடம் படித்த பையன்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். பையன்கள் என்று பழக்கத்தில் சொல்கிறேன், அதில் ஒருவனுக்கு முன்தலை வழுக்கை. பழனி மலை அடிவாரத்தில், மழைக்காலத்தில் மட்டும் ஓடி வராக நதியில் போய்ச் சேரும் ஓர் ஓடையின் கரையில் நாவலும் புங்கமும் நீர்மருதும் கொண்ட சின்னக் காடு ஒன்று இருக்கிறது. பட்டா நிலம்தான். அந்த மரங்களின் மேல் ஏதோ ஒரு கொடி ஏறிக் குடை மாதிரி மூடிவிட்டது, இரண்டு புங்க மரம் பட்டே போய்விட்டது என்றார்கள். நிலத்துக்காரரிடம் கேட்டாயிற்று, பதினைந்து அரிவாள் தயார், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏறியிருக்கிற கொடி அத்தனையையும் வெட்டி இறக்கிவிடப் போகிறோம், நீங்கள் வந்து தொடங்கி வைக்க வேண்டும் என்றார்கள்.

"என்ன கொடிப்பா அது?" என்றேன்.

"மைக்கானியா சார். கேரளாவுல காட்டையே முழுங்குதுல்ல, அதான். போன்ல படம் எடுத்துப் பார்த்தோம், அப்படித்தான் காட்டுச்சு."

நான் வரலாறு நடத்தியவன். தாவரம் என் பாடம் இல்லை. ஆனால் ஒரு கல்வெட்டை இன்ன காலத்தது என்று சொல்வதற்கு முன் எழுத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, போன் சொன்னதை நம்பி அரிவாளுக்குத் தேங்காய் உடைக்க மனசு வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும், நாளைக்குக் காலையில என்னை அங்க கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

முதலில் மைக்கானியா பற்றி. குமுளி தாண்டி இடுக்கிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். தேயிலை, ரப்பர்த் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் பச்சைப் போர்வை மாதிரி படர்ந்து கிடக்கும். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காக்காரக் கொடி. இரண்டாம் உலகப் போரில் வடகிழக்கில் விமான தளங்களை எதிரி கண்ணிலிருந்து மறைக்க வளர்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. தேயிலைத் தோட்டத்தில் மண்ணை மூட வைத்தது என்றும் சொல்வார்கள். இலை இதய வடிவம், ஓரம் லேசாகப் பல்பல்லாக இருக்கும். பூ வெள்ளையாக, பொடிப்பொடியாகக் கொத்தாகப் பூக்கும். தரையில் படும் கணு ஒவ்வொன்றிலும் வேர் விடும். கிள்ளினால் பால் வராது. அதற்கு மழை வேண்டும், ஈரம் வேண்டும். நம் பக்கத்து மழைமறைவு அடிவாரத்தில், கருவேலும் கள்ளியும் நிற்கிற பூமியில் அது இந்த ஆட்டம் ஆடுமா என்ற சந்தேகம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே வந்தது.

மறுநாள் போய்ப் பார்த்தோம். பையன்கள் காட்டிய கொடியின் இலை ஒன்றைக் கிள்ளினேன். பால் சொட்டியது. பொட்டுப் பொட்டாக இல்லை, எருக்கு மாதிரி கொட்டியது. அந்த ஒரு கிள்ளலிலேயே மைக்கானியா கதை முடிந்தது.

ஆனால் இன்னொரு சிக்கல் தொடங்கியது. அதே ஓடைக்கரையில் பால் வடிகிற கொடி மூன்று வகை இருந்தது. தரையோரப் புதரில் வேலிப்பருத்தி. இதய வடிவ இலை, மேலெல்லாம் மென்மயிர், முள்முள்ளாக இருந்தாலும் குத்தாத காய். சளி பிடித்த குழந்தைக்கு அதன் இலைச்சாறு கொடுக்காத வீடு எங்கள் தலைமுறையில் இல்லை. நாவல் மரத்தில் தடித்து முறுக்கி ஏறியிருந்தது கொடிப்பாலை. அகன்ற இலை, பச்சை நிறத்திலேயே தொங்கும் பூங்கொத்து. நீல வரி போட்ட பட்டாம்பூச்சிகள் பருவமழையை ஒட்டி மலைக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டம் கூட்டமாகப் போய் வருமே, அவற்றில் ஒரு வகையின் புழு தின்று வளர்வது இந்தக் கொடிப்பாலை இலையைத்தான். இரண்டுமே நம் மண்ணின் கொடிகள். மூன்றாவதுதான் புங்கத்தைக் கொன்றது.

பையன்கள் மூன்றையும் ஒன்றென்றே நினைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து அரிவாளும் இறங்கியிருந்தால் மூன்றும் போயிருக்கும். அதில் ஒன்று மட்டும் அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து, போட்டிக்கு ஆளில்லாத காட்டில் முன்னைவிட வேகமாக ஏறியிருக்கும். எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது ஆடு மேய்த்துக்கொண்டு அந்த வழியாக ஒரு ஆத்தா வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மூன்றாவது கொடியைக் காட்டி, "ஆத்தா, இதை ஆடு திங்குமா?" என்று கேட்டேன்.

"மோந்து பாத்துட்டுப் போயிரும்யா. பச்சை இருக்கிற காலத்துல தொடாது. ஒரு வறட்சியில எதுவுமே இல்லாமப் போயி ரெண்டு குட்டி இதைக் கடிச்சிருச்சு. பொழுது சாயுறதுக்குள்ள ரெண்டும் செத்துப் போச்சு. அதுலேருந்து இங்கிட்டுப் பத்திட்டு வந்தா கம்பை ஓங்கிக்கிட்டேதான் வருவேன்."

"பேரு என்ன சொல்லுவீங்க?"

"பாலைக்கொடி. வேற என்ன பேரு?"

அந்தப் பதிலில்தான் இந்தக் கதையின் பாதி இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் அந்தக் கொடியின் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்து வேலியில், ரயில் பாதையோரத்தில், கண்மாய்க் கரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். தடிப்பு, மெழுகு தேய்த்த மாதிரி பளபளப்பு, நாலு விரல் நீளம். நடு நரம்பு பல சமயம் சிவப்போடிய ஊதாவாக இருக்கும். பூ பெரிது, புனல் வடிவம், ஐந்து இதழ், வெள்ளையில் தொடங்கி இளம் ஊதாவில் முடியும் நிறம். அழகுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. காய்தான் நிச்சயமான சாட்சி. ஒரே காம்பில் இரண்டு காய், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் பார்த்து, விறைப்பாக, மூன்று பட்டை கொண்டு, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் நிற்கும். முற்றிக் காய்ந்து வெடித்தால் உள்ளே பட்டுப்போன்ற வெண்பஞ்சு கட்டிய விதைகள். ஒரு காய்க்கு நூற்றுக்கணக்கில். ஏற மரம் கிடைத்தால் 30 மீட்டர் உயரம்கூடப் போகும். கிடைக்காவிட்டால் ஆள் உயரப் புதராக நின்று, நாலாபக்கமும் சாட்டை மாதிரி நீண்ட கொம்புகளை வீசி, எதையாவது பிடிக்கத் தேடும்.

அதன் தாவரவியல் பெயர் கிரிப்டோஸ்டீஜியா கிராண்டிஃப்ளோரா. நூல்களில் தமிழ்ப்பெயர் கருடப்பாலை. சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு, அதிலும் அதன் தென்மேற்கில் உள்ள வறண்ட பகுதி.

மடகாஸ்கர் என்றதும் பையன்கள் நம்பவில்லை. "கருடப்பாலைன்னு பேரு இருக்கு சார், அது எப்படி வெளிநாடு?" என்றான் வழுக்கைத்தலைக்காரன். நியாயமான கேள்வி. சரியான பெயர் வைத்துக்கொண்டு வந்தவனை ஊர்க்காரன் என்று நம்புவது பழக்கம். மிளகாய்க்கும் அப்படித்தான். மிளகு என்ற நம் சொல்லை வாங்கிக்கொண்டு தென் அமெரிக்காவிலிருந்து வந்து குழம்புக்குள் உட்கார்ந்துவிட்டது.

பால் வடிகிற மரம், கொடிகளுக்கெல்லாம் தமிழில் பாலை என்று பெயர் வைப்பது வழக்கம். வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை, ஊசிப்பாலை, கொடிப்பாலை. புதிதாக ஒரு பால்கொடி வந்ததும் அதையும் அந்த வரிசையிலேயே நிறுத்தினார்கள். கருடன் ஏன் வந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிற அந்தக் காய்களைப் பார்த்தால் சிறகு விரித்த பருந்து மாதிரிதான் இருக்கிறது. இது என் ஊகம், தமிழாசிரியர்கள் திருத்தலாம்.

இதில் வெள்ளைக்காரனும் ஏமாந்தான் என்பது ஓர் ஆறுதல். 1793 முதல் 1813 வரை கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். அதற்கு முன் பல ஆண்டுகள் சென்னை மாகாணத்துக் கடற்கரை மாவட்டங்களில் கம்பெனி மருத்துவராக இருந்து செடிகளைத் திரட்டியவர். அவர் இந்தக் கொடியை அரளி இனத்தில் சேர்த்துப் பெயர் வைத்திருந்தார். அப்படியானால் இருநூறு வருடத்துக்கு முன்பே இது இந்தியத் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. பிறகு 1820 வாக்கில் இங்கிலாந்தில் ராபர்ட் பிரவுன் தோட்டத்தில் வளர்த்த செடியை வைத்துப் பார்த்து, இது அரளி இல்லை, தனி இனம் என்று பிரித்தார். பூவின் கழுத்துக்குள் சின்னச் சின்ன நாக்குகள் நின்று மகரந்தப் பைகளை மறைக்கின்றன. அதனால் 'மறைத்து மூடியது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கிரிப்டோஸ்டீஜியா என்று பெயரிட்டார். (நீரில் மிதக்கும் மகரந்தத் துகளின் உள்ளிருக்கும் பொடிகள் ஓயாமல் ஆடுவதை 1827-ல் பார்த்துச் சொன்ன அதே பிரவுன்தான். பிரவுனியன் இயக்கம் படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும்.)

அவர் கைக்கு வந்தது பயிரிட்ட செடி. காட்டில் பிடுங்கியதில்லை. அதனால் இது இந்தியக் கொடி என்ற எண்ணம் நூல்களில் நெடுநாள் நிலைத்துவிட்டது. பிறந்த ஊரில் எடுக்காமல் வாடகை வீட்டில் எடுத்த ஆதார் அட்டை மாதிரி. மடகாஸ்கரில் இதற்கு ஒரு தங்கையும் உண்டு, கிரிப்டோஸ்டீஜியா மடகாஸ்கரியென்சிஸ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பூவின் கழுத்தில் உள்ள அந்த ஐந்து நாக்குகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் பாம்பின் நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருந்தால் நம் கருடப்பாலை. பிளவில்லாமல் ஒற்றையாக இருந்தால் தங்கை. 1991-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த இனத்தைப் புதிதாக ஆராய்ந்து எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. எதை ஒழிக்க நினைக்கிறோமோ அதன் பிறந்த ஊரும் சரியான பெயரும் தெரியாமல், அதற்கு இயற்கை எதிரியைத் தேட முடியாது. பிரேசிலின் வடகிழக்கில் கார்னாபா பனைகள் மேல் ஏறிக்கொண்டிருப்பது தங்கை. ஆஸ்திரேலியாவில் ஏறியது அக்கா.

நாங்கள் ஒரு பூவைப் பிளேடால் கீறிப் பார்த்தோம். நாக்கு பிளந்திருந்தது.

சரி, தோட்டத்தில் பூவுக்காக வைத்த கொடி இத்தனை நாடு சுற்றுவானேன்? ரப்பர்.

இதன் பாலில் நல்ல ரப்பர் உண்டு. வணிகத்தில் அதற்கு 'பாலே ரப்பர்' என்று பெயர். ஆமாம், நம் பாலைதான் இங்கிலீஷில் போய்ப் பாலே ஆனது. ஆத்தா சொன்ன பெயரை லண்டன் வியாபாரியும் சொல்லியிருக்கிறான். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் பால் வடிகிற செடியை எல்லாம் கீறிப் பார்த்தார்கள். 1876-ல் ஹென்றி விக்கம் அமேசானிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய், முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்து, அங்கிருந்து மலாயா முழுக்கப் பரவியதும் இந்தக் கொடிக்கு மவுசு போயிற்று. மரத்தில் பட்டையைக் கீறிச் சிரட்டை கட்டினால் பால் தானாக வடியும். கொடியில் அப்படி வடியாது. சாட்டைக் கொம்பின் நுனியை ஒவ்வொன்றாக வெட்டி, சொட்டுகிற பாலைப் பிடிக்க வேண்டும். கூலி கட்டுப்படியாகாது. ஆனால் மவுசு போன கொடியைத் தோட்டத்திலிருந்து பிடுங்கிப் போடும் பழக்கம் யாருக்கும் இல்லையே. விதைக்குப் பஞ்சு இருக்கிறது, காற்று இருக்கிறது. காய் தண்ணீரில் மிதக்கும், ஓடை இருக்கிறது.

அமெரிக்காவில் தாமஸ் எடிசன் 1927-ல் ஃபோர்டு, ஃபயர்ஸ்டோன் இருவரோடும் சேர்ந்து, வெளிநாட்டை நம்பாமல் ரப்பர் எடுக்க ஒரு நிறுவனமே தொடங்கி ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்தார். ஃபுளோரிடாவில் அவர் தோட்டத்தில் இந்தக் கொடியும் இருந்தது. கடைசியில் அவர் வேறொரு செடியின் பக்கம் போய்விட்டார்.

அப்புறம் வந்தது போர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அதற்குள் மலாயா முழுவதும் ஜப்பான் கையில். உலகத்து ரப்பரில் பெரும்பகுதி ஒரே மூச்சில் நேச நாடுகளுக்கு இல்லாமல் போயிற்று. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் ஜனங்கள். அவர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனதும், திரும்பாமல் போனவர்கள் எத்தனை ஆயிரம் என்பதும் தனிப் பதிவாக எழுத வேண்டிய துயரம். இங்கே சொல்ல வந்தது இன்னொரு முனை. டயருக்கு ரப்பர் இல்லாமல் தவித்த அமெரிக்காவுக்கு மறந்துபோன இந்தக் கொடி நினைவுக்கு வந்தது.

இடம், கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி. 1941-ல் அமெரிக்கக் கடனுதவியோடு அங்கே ஒரு வேளாண் நிறுவனம் உருவானது. அதைச் சுருக்கமாக ஷாடா என்பார்கள். எலி லெஸ்கோ என்பவர் அப்போது ஜனாதிபதி. ஒரு லட்சம் ஏக்கரில் இந்தக் கொடியை நடுவது என்று திட்டம். விவசாயிகளின் நிலம் எடுக்கப்பட்டது. குடிசைகள் பிரிக்கப்பட்டன. மா, பலா, ஈரப்பலா போன்ற பழமரங்கள் கூட்டம் கூட்டமாக வெட்டி விழுத்தப்பட்டன. மாமரம் வைத்துப் பிழைக்கிற பெரியகுளத்துக்காரர்களுக்கு அதன் வலி நான் சொல்லாமலே தெரியும். நட்ட கொடியில் நுனி வெட்டிப் பால் சேர்க்க ஆள் கூலி போதவில்லை, வறட்சி வந்தது, அதற்குள் அமெரிக்காவில் செயற்கை ரப்பர் தொழிற்சாலைகளும் ஓடத் தொடங்கிவிட்டன. 1944-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். எடுத்த ரப்பர் சில டன்தான். கிராமத்து ஜனங்களுக்கு மரமும் போயிற்று, கொடி மட்டும் நின்றது. லெஸ்கோ மேல் மக்களுக்கு இருந்த கோபத்தில் இதற்கும் பங்கு உண்டு. 1946-ல் அவர் ஆட்சி கவிழ்ந்தது.

இந்தக் கொடி ஒரு காட்டை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகுக் கொடியாக அங்கே போயிற்று. சுரங்க ஊர்களில், வேறு எதுவும் வளராத கெட்ட மண்ணில் பச்சையாக நிற்கிறதே என்று விரும்பி வைத்தார்கள். அது தோட்டத்தைத் தாண்டி ஆற்றங்கரைகளைப் பிடித்தது. கோடையில் உயிர்களுக்கெல்லாம் நிழலும் நீரும் தருகிற ஆற்றோர மரங்களின் மேல் ஏறி, வெயிலை மறைத்துச் சாகடித்து, பட்ட மரத்தின் மேலேயே பச்சைக் கோபுரமாக நின்றது. மாடுகள் தண்ணீருக்குப் போக வழியில்லை. தின்றவை இறந்தன. அரளியில் உள்ளது போன்ற, இதயத்தைத் தாக்கும் நஞ்சு இதிலும் உண்டு. ராக்ஸ்பர்க் அரளியோடு சேர்த்தது அந்த வகையில் முழுத் தவறு என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பெருங்குடும்பம்தான். குயின்ஸ்லாந்தில் ஏழு லட்சம் ஹெக்டேர் வரை இது பரவியதாகக் கணக்கு. தேனி மாவட்டம் முழுவதும் சேர்ந்தாலே மூன்று லட்சம் ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அவர்கள் மடகாஸ்கருக்கே ஆள் அனுப்பி, அங்கே இந்தக் கொடியைத் தொல்லைப்படுத்துவது எது என்று தேடினார்கள். ஓர் அந்துப்பூச்சி கிடைத்தது. இலையின் அடியில் மஞ்சள் பொடியாகப் படியும் ஒரு துருநோய்ப் பூஞ்சையும் கிடைத்தது. நம் கோதுமையில் வருமே, அந்த ஜாதி. வேறு பயிரைத் தொடுமா என்று பல செடிகளில் சோதித்துவிட்டு, பூச்சியை 1980-களின் கடைசியிலும் பூஞ்சையை 1995-லும் விட்டார்கள். பூஞ்சை நன்றாகப் பிடித்தது. கொடி செத்துவிடவில்லை, ஆனால் வருடா வருடம் இலை உதிர்ந்து, பூவும் காயும் குறைந்து, அதன் வேகம் தணிந்தது. அதற்குப் பிறகு தீயும் வெட்டும் பலன் கொடுத்தன.

அப்படியானால் நாமும் அந்தப் பூஞ்சையைக் கொண்டு வரலாமே என்று ஒரு பையன் கேட்டான். இங்கேதான் நான் பிரேக் போட்டேன். நன்னாரி தெரியும் அல்லவா? இலையின் நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற, வேர் மணக்கிற நன்னாரி. மாகாளிக்கிழங்கு தெரியும் அல்லவா? ஊறுகாய் போடுகிற, பாறைச் சரிவில் மட்டும் விளைகிற, தோண்டித் தோண்டியே அரிதாகிப்போன மாகாளிக்கிழங்கு. கருடப்பாலைக்கு நம் நாட்டில் உள்ள மிக நெருங்கிய சொந்தக்காரர்கள் இவை. தாவரவியலார் இவற்றை எல்லாம் ஒரே துணைக்குடும்பத்தில் வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு அந்தக் கவலை நம் அளவுக்கு இல்லை. மடகாஸ்கர் கொடியைத் தின்ன வருகிற பூஞ்சை நன்னாரியையும் தொடாது என்று நம் ஆய்வுக்கூடம் சோதித்துச் சொல்கிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மைக்கானியாவுக்கு இப்படி முறையாகச் சோதித்துத்தான் டிரினிடாட்டிலிருந்து ஒரு துருப்பூஞ்சையை 2005, 2006 வாக்கில் அசாமிலும் கேரளத்திலும் விட்டுப் பார்த்தார்கள். இங்கே அது நிலைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். கருப்பு இறக்கையின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த பட்டாம்பூச்சி ஒன்று நம் ஊரில் சர்வசாதாரணம். அரளியில் முட்டை வைக்கும். அது கருடப்பாலையிலும் வைக்கும். புழுவும் தின்று வளரும். வந்த கொடியை நம் பூச்சி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அது தின்கிற வேகம் கொடி ஏறுகிற வேகத்துக்குக் காணாது.

நம் பழனி மலைச் செடிகளுக்குப் பெரிய ஆவணம் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரி ராபினாட் ஹெர்பேரியத்தை வளர்த்தெடுத்த பாதிரியார் கே.எம். மேத்யூ. கொடைக்கானலுக்கு வெளியூரிலிருந்து வந்த செடிகள் என்னென்ன என்று 1969-லேயே தனியாக எழுதியவர். 1999-ல் பழனி மலைத் தாவரங்கள் முழுவதற்கும் நூல் கொண்டு வந்தார். எங்கள் காலத்தில் இதைப் பள்ளியில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வடுகபட்டிச் சந்தையில் பூண்டைத் தொட்டுப் பார்த்தே மலைப்பூண்டா, வடக்கத்திப் பூண்டா என்று சொல்கிற பிள்ளைகளுக்கு, வீட்டு வேலியில் நிற்கிற கொடி எந்த ஊர் என்று தெரியாமல் போனதில் எங்கள் பங்கு பெரிது.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பதினைந்து அரிவாள் என்றது மூன்று அரிவாளும் ஆறு கடப்பாரையும் நாலு சாக்குமாக மாறியது. முதலில் கொடிப்பாலைக்கும் வேலிப்பருத்திக்கும் சிவப்புத் துணி கட்டினோம். இதைத் தொடக் கூடாது என்று. அடுத்து கருடப்பாலையில் கைக்கு எட்டிய காய் அத்தனையையும் வெடிக்கும் முன் பறித்துச் சாக்கில் போட்டுக் கட்டினோம். வெட்டி இழுக்கும்போது காய் உடைந்தால் நாமே ஓடை நெடுக விதைத்தவர்கள் ஆகிவிடுவோம். சின்னக் கொடிகளை வேரோடு தோண்டினோம். மரமேறிய தடித்த தண்டை இடுப்பு உயரத்தில் அறுத்து, அடிக்கட்டையைக் குழிதோண்டிப் பெயர்த்தோம். மேலே இருப்பதை இழுக்கவில்லை. இழுத்தால் நாவல் கிளையும் சேர்ந்து வரும், அது அங்கேயே காயட்டும் என்று விட்டோம். எல்லோரும் முழுக்கைச் சட்டை, கண்ணாடி. பால் கண்ணில் பட்டால் பெரும் தொந்தரவு. காய்ந்த தண்டின் தூசி மூக்கில் ஏறினாலும் இருமல் நிற்காது. எனக்கு இரண்டு நாள் நிற்கவில்லை. வீட்டில் வாங்கிய திட்டைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

அறுத்த இலையை ஆடு மாடு எட்டாத இடத்தில் குவித்து முள் போட்டு மூடினோம். வாடிய இலையை ஆடு கடிக்கும் என்று ஆத்தா சொல்லியிருந்தார். அவர் சொல்லாமல் இருந்தால் எங்களுக்குத் தோன்றியிருக்காது.

ஒரு நாளில் முடிந்தது கால்வாசிகூட இல்லை. மீதி மேல்கரை வனத்துறை எல்லைக்குள் போகிறது. அங்கே நாம் கை வைக்கக் கூடாது. மூன்று கொடிகளின் இலை, பூ, காய் மூன்றையும் தனித்தனியாகப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மனுவில் மைக்கானியா என்று எழுதவில்லை.

தோண்டிய குழிகள் இருபத்தேழு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கம்பு நட்டு எண் போட்டிருக்கிறோம். வடகிழக்கு மழை இரண்டு பெய்ததும் போய், எந்தெந்தக் குழியில் துளிர்த்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நோட்டுப் புத்தகம் வழுக்கைத்தலைக்காரனிடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒரு நாள்கூட ஒழுங்காக நோட்டு எழுதாதவன் அவன். இப்போது எழுதுகிறான்.